சாகாத மீன் கேட்டவன்

1

இந்தக் கதை, ஒரு விளம்பர வேலையாகப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எண்பத்து நான்காம் வருஷம் நான் பவானிபூரில் ஒரு சின்ன விளம்பர அலுவலகத்தில் இருந்தேன். பற்பசை, கொசுவத்தி, தையல் மிஷின் என்று எது வந்தாலும் அதற்குத் தமிழில் நாலு வரி எழுதி மதராஸ் பத்திரிகைகளுக்கு அனுப்புவது என் வேலை. டாலிகஞ்சில் தோயெல் ரேடியோ கம்பெனி என்று ஒன்று இருந்தது. ரேடியோ செய்துகொண்டிருந்தவர்கள் அப்போது டெலிவிஷன் பெட்டிக்கு மாறி, தெற்கிலும் விற்க ஆசைப்பட்டார்கள். இங்கிலீஷில் வந்த விளம்பரத்தின் கடைசி வரி, சுற்றுச்சூழல் மீது கம்பெனிக்கு உள்ள கமிட்மென்ட் பற்றியது. அந்தச் சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன். 'கடப்பாடு' என்று எழுதினால் கடப்பாரை ஞாபகம் வந்தது. 'உறுதிமொழி' மந்திரிகள் எடுத்துக்கொள்வது. 'அக்கறை' என்று போட்டால் தலைவலி மாத்திரை விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது.

"அங்கேயே ஒரு மதராஸி அம்மா கெமிஸ்டாக இருக்கிறார். போய்க் கேள்" என்றார் எங்கள் மேனேஜர்.

மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த சாலையில் பாதி தூரம் பஸ், பாதி தூரம் நடை என்று போய்ச் சேர்ந்தேன். கஞ்சி போட்ட தாந்த் கைத்தறிப் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி, நாற்பதைத் தாண்டியவர், நாற்காலியைக் காட்டினார். பெயர் ஜலஜா.

"ஒரு வரிக்காகவா இவ்வளவு தூரம் வந்தேள்?"

"ஆமாம் மேடம். உங்கள் கம்பெனிக்குச் சுற்றுச்சூழல் மேல..."

"எங்க கம்பெனிக்கு ஒரு மீன் தொட்டி இருக்கு. அவ்வளவுதான்" என்றார்.

பிறகு சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னது பாதி. மீதி நான் இட்டு நிரப்பியது. எங்கெங்கே நிரப்பினேன் என்பதை முடிந்தவரை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'குளத்தின் மேல் சரத்கால மேகங்கள் வெண்பஞ்சாக…'

வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னால் பாயசம் வைத்த மாதிரி இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: 'எழுபதுகளின் இறுதியில் கல்கத்தாவின் மின்னணுத் தொழில் பல நெருக்கடிகளை…'

இது அறிக்கை. இதில் யாரும் மூச்சு விடவில்லை.

மூன்றாம் தொடக்கம்: 'ஜலஜா காலையில் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள். மீன்கள் செத்து மிதந்தன.'

இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் இதை எழுதியதும் இரண்டு சங்கடங்கள் வந்தன. ஒன்று, எதிரில் உட்கார்ந்திருந்தபோது 'அவர்' என்று நினைத்தவரைக் கதைக்குள் 'அவள்' என்கிறேன். அவருடைய கணவர் சுந்தரேசனை மட்டும் 'அவர்' என்று எழுதினால் நியாயமாக இருக்காது. ஆகவே கதைக்குள் இருவருமே அவள், அவன். நேரில் பார்த்தால் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது சங்கடம்: ரேடியோ கம்பெனியில் மீன் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள்.

3

ரேடியோவுக்குள் ஒரு சின்னப் பலகை இருக்கும். அதன் மேல் செம்புக் கோடுகள் ஓடும். முழுதும் செம்பு பூசிய பலகையில் வேண்டிய கோடுகளை மையால் மூடிவிட்டு, மீதிச் செம்பை ஒரு அமிலக் கரைசலில் கரைத்து எடுப்பார்கள். பிறகு மையைத் துடைப்பார்கள். பலகை பளிச்சென்று வந்துவிடும். கரைந்த செம்பும் துடைத்த மையும் தண்ணீரோடு போகும். எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

தோயெல் கம்பெனிக்குப் பின்னால் ஒரு குளம். குளத்துக்கு அந்தப் பக்கம், கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை தாண்டி வந்தவர்களின் காலனி. அவர்கள் குளிப்பது, அரிசி களைவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அந்தக் குளத்தில்தான். கம்பெனிக்குச் சுவர் எழுப்பியபோது காலனிப் பெண்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் பிரபா. காலனியில் எல்லாரும் அவளை மாஷி, அதாவது சித்தி, என்பார்கள்.

"உங்க மருந்துத் தண்ணி எங்க குளத்துல விழுமா?" என்று முதலாளியிடம் கேட்டாள்.

முதலாளி லாஹிரி பாபுவும் எல்லை தாண்டி வந்தவர்தான். அதிகாரிகள் யாரும் வந்து இதையெல்லாம் கேட்காத காலம் அது. தண்ணீருக்கென்று தில்லியில் போட்ட சட்டம் இன்னும் டாலிகஞ்ச் வரை நடந்து வந்து சேரவில்லை. அவர் எந்த அளவீட்டையும் சொல்லவில்லை.

"சுத்தம் பண்ணின தண்ணியில முதல்ல நாங்க மீன் விடுவோம். ஒரு வாரம் அது உயிரோட இருந்தா, அப்பத்தான் தண்ணி குளத்துக்கு வரும்."

"என்ன மீன்?"

"ரூயி."

பிரபா திரும்பிப் போய்விட்டாள். விருந்து மீனான ரூயியை நடுவில் வைத்து ஒரு வங்காளி சொன்ன வார்த்தையை இன்னொரு வங்காளி சந்தேகப்படுவதில்லை.*

* இவர்கள் பேசியது வங்காளியில். ஜலஜா எனக்குத் தமிழில் சொன்னார். லாஹிரி பாபுவுக்குத் தமிழில் தெரிந்தது 'ரசம்' ஒன்றுதான்.

அந்த வார்த்தையைக் காப்பாற்றும் வேலை ஜலஜாவிடம் வந்தது. ராஜாபஜார் சயன்ஸ் காலேஜில் எம்.எஸ்ஸி. படித்தவள். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் குடியிருந்த அய்யர் வீட்டுப் பெண். மீன் கடை வரிசையைக் கடக்கும்போது முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி நடந்து வளர்ந்தவள். முதல் வாரம் தொட்டிப் பக்கம் போகவே அவளுக்குக் குமட்டியது. இரண்டாம் மாதம் மீன்களுக்குப் பொரி போட்டாள். அப்புறம் ஊருக்குப் போய் வந்தால், நேராகத் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வருவாள்.

சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்த தண்ணீர் கடைசியாக மீன் தொட்டிக்கு வரும். அதன் அடியில் ஒரு மதகு. அதைத் திறக்கச் சொல்லும் உரிமை ஜலஜாவுக்கு மட்டும்தான். அவள் திறக்காவிட்டால் மேல் தொட்டிகள் நிரம்பும். நிரம்பினால் அமில அறை நிற்கும். அமில அறை நின்றால் ரேடியோ இல்லை.

(தம்பதிக்குக் குழந்தை இல்லை என்று ஜலஜா ஒரு இடத்தில் சொன்னார். மீனையும் அதையும் வாசகர்கள் முடிச்சுப் போட்டுவிடுவார்களே என்று பயந்து, கதையில் அவர்களுக்குப் பத்து வயதில் ஒரு மகளைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அந்தப் பெண் ஒரு பக்கம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள். எழுப்பி அனுப்பிவிட்டேன். முடிச்சுப் போடாதீர்கள். மீன் மீன்தான்.)

4

கல்கத்தாவில் ரேடியோ விற்க ஒரு பருவம் உண்டு. மகாளயை அன்று விடியுமுன் ரேடியோவில் தேவி ஸ்துதி ஒலிபரப்பாகும். அதைக் கேட்காத வங்காளி வீடு கிடையாது. அந்த ஒரு காலைக்காகப் பழைய பெட்டியைத் தட்டிச் சரிபார்ப்பார்கள். சரியாகாது என்றால் புதிதாக வாங்குவார்கள். சுந்தரேசன் தோயெல் கம்பெனியின் விற்பனை மேனேஜர். அவனுக்கு வருஷத்தில் தீபாவளி, பொங்கல் எல்லாமே மகாளயைதான். ஆகஸ்டு பிறந்தால் பர்த்வான், ஆசன்சோல், துர்காபூர் கடைக்காரர்கள் டிரங்க் காலில் கூப்பிட்டுக் கொண்டே இருப்பார்கள்.

அந்த வருஷம் மகாளயைக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு காலை.

அமில அறை ஃபோர்மேன் முகமது இஸ்மாயில் வாசலிலேயே நின்றிருந்தார். காயல்பட்டினத்துக்காரர். கல்கத்தா வந்து முப்பது வருஷம் ஆகிறது. ஊரோடு சேர்ந்து அவரும் அவளை அக்கா முறை வைத்து 'ஜலஜாதி' என்றுதான் கூப்பிடுவார்.

"ஜலஜாதி, மீனெல்லாம் மௌத்தாயிட்டுது."

எட்டிப் பார்த்தாள். வெள்ளை வயிறுகள் மேலே தெரிய எல்லாம் மிதந்தன. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அதைச் சோதித்தாள். அமிலம் சரி. செம்பு சரி. இரும்பு சரி. மறுபடி சோதித்தாள். அப்போதும் சரி.

"இஸ்மாயில் பாய், அறையில ஏதாவது மாத்தினேளா?"

"உங்களுக்குத் தெரியாம இங்க என்ன ஜலஜாதி மாறும்?" என்றார் இஸ்மாயில்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டிருந்ததை நம்பி உண்மையைச் சொன்னார். அது என்ன என்று நான் இங்கேயே சொல்லிவிடலாம். ஆனால் ஜலஜாவுக்குத் தெரியாததை உங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

அன்று சாயங்காலம் லேக் மார்க்கெட் வீட்டில் கரண்ட் இல்லை. சுந்தரேசன் பேப்பரை நாலாக மடித்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தான். கரண்ட் போனால் இது வழக்கம். முதலில் அவளுக்கு, கை வலித்தால் அவள் வாங்கி அவனுக்கு.

"ஏன்னா, மீன் செத்துப் போச்சு."

"கேள்விப்பட்டேன்."

"தண்ணியை விடப் போறதில்லை."

"டெஸ்ட்டெல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாளே?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"மீன் செத்துப் போச்சேன்னா."

விசிறி நின்றது. பிறகு மறுபடி வீசியது, முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக.

"மகாளயைக்கு எத்தனை நாள் இருக்குன்னு உனக்குத் தெரியும், ஜலஜா."

"தெரியும்."

"நான் உன்னை ஒண்ணும் சொல்லலை."

"சொல்லுங்கோளேன்."

"இல்லை. காத்து வரதா?"

"வரது" என்றாள்.

அந்த விசிறி நின்றதை அப்போது அவள் கவனிக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து என்னிடம் சொல்லும்போது கையைத் தூக்கி நிறுத்திக் காட்டினார்.

5

பாலிகஞ்சில் லாஹிரி பாபு கண் ஆபரேஷன் முடிந்து, கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். ஜலஜா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சோதனை சரி, மீன் செத்துவிட்டது, காரணம் தெரியவில்லை, தொட்டிகள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன.

"காரணம் தெரியாதா?"

"தெரியலை."

"வெயிலா இருக்குமோ? மீன் கொண்டுவந்தவன் வியாதி மீனைக் கொடுத்திருப்பானோ?"

"இருக்கலாம். தெரியலை."

மேலே மின்விசிறி கிறீச்சிட்டது.

"ஜலஜா, நீ என்னை எதுவும் கேட்காதே" என்றார். "கேட்டால், இந்த ஒரு தடவை மட்டும் விட்டுவிடு என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் மதகை உன்னிடம் கொடுத்தேன்."

முதலில் எழுதியபோது லாஹிரி பாபுவை ஒரு மகானாக ஆக்கியிருந்தேன். கட்டுப் போட்ட கண்ணோடு, 'கம்பெனி மூழ்கினாலும் குளம் வாழட்டும்' என்று ஒரு வசனம் பேசினார். படித்துப் பார்த்தால், ஜலஜா பஸ் ஏறுவதற்குள் அந்த வசனம் ஆறிவிட்டது. தன் மேல் நம்பிக்கை இல்லாத முதலாளியைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. நல்லவனாக இருக்க முடியாத நாளுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்தவர்.

அவர் சொன்னதைக் கேட்டு ஜலஜாவுக்குத் தைரியம் வரவில்லை. இனி தப்பாகப் போனால் பழி போட யாருமில்லை என்றுதான் தோன்றியதாம்.

6

புது ரூயிக் குஞ்சுகள் வாங்கித் தொட்டியில் விட்டார்கள். அவையும் செத்தன.

மேல் தொட்டிகள் நிரம்பின. அமில அறை நின்றது. அமில அறை நின்றதும் அசெம்பிளி அறையும் மெல்ல நின்றது. வேலையில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள், ஜலஜா கடந்து போகும்போது பேச்சை நிறுத்தினார்கள். யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. துர்கா பூஜைக்கு முந்திய மாதத்தில் மரத்தடியில் உட்கார நேர்ந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

அடுத்த நாள் பகலில், எல்லோரும் பார்க்க, சுந்தரேசன் ஒரு மண்பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குள் வந்தான்.

இந்தக் காட்சியை ஐந்து தடவை எழுதினேன். சுந்தரேசன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சட்டையில் சாம்பார் பட்டால் மாற்றிக்கொண்டுதான் ஆபீஸ் போவான். அவன் சட்டை முழுக்கத் தண்ணீர் தெறித்து, செருப்பில் சேறாக, மீன் வாடையோடு வந்து நின்றான். பானையில் கருகருவென்று மீன்கள் துள்ளின.

"லேக் மார்க்கெட்ல வாங்கினேன்" என்றான்.

"மீன் வரிசைக்குள்ள போனேளா?"

"போனேன்."

ஜலஜா பானைக்குள் பார்த்தாள்.

"இது ரூயி இல்லைன்னா. இது கொய்."

"எந்த மீனா இருந்தா என்ன?"

"கொய் தண்ணிக்கு மேல வந்து மூச்சு விடும். சாக்கடையில கூட இருக்கும். இது உயிரோட இருக்கறதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." சொல்லிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "கடைக்காரன்கிட்ட என்ன கேட்டேள்?"

அவன் பானையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"என்ன கேட்டு வாங்கினேள்?"

"எந்த மீன் சாகாதுன்னு கேட்டேன்" என்றான்.

இஸ்மாயில் பாய் தரையைப் பார்த்தார். மரத்தடியில் இருந்த வங்காளிகளுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் ஏதோ நடக்கிறது என்று புரிந்தது.

"ஏன் சாகறதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கறேன்."

பானையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். பலகையில் மையைத் துடைக்கப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கிறது, அதில் நேரம் போகிறது என்று, தெரிந்த ஒரு வியாபாரியிடம் புதுத் திரவம் ஒன்று வாங்கிவந்து கொடுத்திருந்தான். முக்கி எடுத்தால் மை தானே விட்டுவிடும். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. 'ஜலஜாதிகிட்டக் கேட்டீங்களா?' என்று இஸ்மாயில் பாய் கேட்டபோது, 'வீட்டுல சொல்லிட்டேன், அவளுக்குத் தெரியும்' என்று சொல்லியிருந்தான். அன்று சாயங்காலமே அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தானாம். அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. மறுநாள் ஆசன்சோலிலிருந்து டிரங்க் கால். அப்புறம் மீன் செத்துவிட்டது. செத்த பிறகு சொல்வது, முன்னால் சொல்வதைவிட மிகவும் கஷ்டமாகிவிட்டது.

அவளுடைய சோதனைகள் அமிலத்தையும் செம்பையும் தேடின. இந்தத் திரவத்தை அவை தேடவில்லை. மீன்கள் எதையும் தேடவில்லை. அவை மூச்சு விட்டன, அவ்வளவுதான்.

"முதல் நாளே தெரியுமா?" என்று கேட்டாள் ஜலஜா.

"முதல் நாளே தோணித்து."

"விசிறிண்டிருந்தேளே, அப்பவா?"

"அப்பத்தான்."

"என் பேரைச் சொல்லி…" என்று தொடங்கினாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

7

சுந்தரேசனை நான் முதலில் ஏமாற்றுக்காரனாக எழுதியிருந்தேன். மனைவியின் கண்ணைக் கட்டச் சாகாத மீனோடு வந்தவன், பிடிபட்டதும் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டவன். கதைக்கு அது சுலபம். எழுதிய பக்கங்களை எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை டாலிகஞ்ச் போய் ஜலஜாவிடம் படித்துக் காட்டினேன்.

கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அவர் ஏமாத்த வரலை. ஏமாத்த வரவர் பானையை மூடிண்டு வருவார். காலங்கார்த்தால யாரும் வரதுக்கு முன்னால தொட்டியில கொட்டிட்டுப் போயிருப்பார். பட்டப்பகல்ல, அத்தனை பேருக்கு முன்னால, திறந்த பானையோட யாராவது வருவாளா?"

"அப்போ உங்களிடம் சொல்லத்தான் வந்தாரா?"

"அப்படியும் சொல்ல முடியாது. மார்க்கெட்டுக்குப் போறச்சே ஏமாத்தத்தான் போயிருப்பார். கம்பெனி வாசல்கிட்ட வரச்சே மனசு மாறியிருக்கலாம். நடுவுல டிராம்ல என்ன நடந்துதுன்னு அவருக்கே தெரியாது. கேட்டேன். தெரியலைன்னார்."

பக்கங்களைக் கிழித்தேன். இப்போது நீங்கள் படித்தது, ஏமாற்றக் கிளம்பி, டிராமில் எங்கோ ஒரு இடத்தில் அதைத் தொலைத்துவிட்டு வந்தவனின் கதை. அந்த இடம் எது என்று எனக்கும் தெரியாது. காளிகாட் டிப்போவுக்கு அப்புறம் என்று ஒரு ஊகம்.

(அந்தக் கொய் மீன்கள் என்னவாயின என்று கேட்பவர்களுக்கு: மரத்தடியில் இருந்தவர்கள் பானையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். நன்றாக இருந்ததாம்.)

8

அதன் பிறகு நடந்தது வேலை. கதையில் வேலையை எழுதினால் யாரும் படிப்பதில்லை, ஆகவே சுருக்கமாக. புதுத் திரவம் திருப்பி அனுப்பப்பட்டது. பிரஷ்கள் திரும்பி வந்தன. தேங்கி நின்ற தண்ணீரை என்ன செய்வது என்று யோசித்து, கரியில் வடிக்கலாம் என்று முடிவு செய்தாள் ஜலஜா. அடுப்புக்கரி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. மரத்தடியில் இருந்தவர்களே உடைத்துக் கொடுத்தார்கள். இஸ்மாயில் பாய் முகமெல்லாம் கரியாக, குழி வெட்டி, அடுக்கி, தண்ணீரை அதன் வழியே மெதுவாக இறங்க விட்டார். மிக மெதுவாக. மூன்றாம் முறை விட்ட ரூயிக் குஞ்சுகள், தண்ணீருக்குள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வாரம் முழுக்க இருந்தன. மதகு திறந்தது.

அதற்குள் மகாளயைக்குப் போக வேண்டிய பெட்டிகளில் பாதி போகவில்லை.

இங்கேதான் எனக்கு எழுத்தாளனாகப் பெரிய சிக்கல். குளத்துக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. குளம் எப்போதும்போல் இருந்தது. பெண்கள் குளித்தார்கள். வாத்துகள் நீந்தின. யாருக்கும் அரிப்பு வரவில்லை, குளத்தில் ஒரு மீன்கூட மிதக்கவில்லை. குளம் நாசமாகியிருந்தால் நான் மூன்று பக்கம் எழுதியிருப்பேன், நீங்களும் கண் கலங்கியிருப்பீர்கள். நாசமாகாததை எப்படி எழுதுவது? ஒருவர் தன் வாக்கைக் காப்பாற்றினால் வெளியே தெரிவது இவ்வளவுதான்: நேற்று போல இன்று.

காலனிக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. மகாளயைக்கு இரண்டு நாள் முன்பு பிரபா மாஷி கம்பெனி வாசலில் ஜலஜாவைப் பிடித்துக்கொண்டாள். கையில் களைந்த அரிசி.

"என்ன கம்பெனி நடத்துறீங்க? என் மருமகன் கடை கடையா அலையுறான், உங்க ரேடியோ ஒண்ணுகூட இல்லையாம். மகாளயைக்கு நாங்க என்ன சுவரைக் கேக்கிறதா?"

"இந்த வருஷம் கொஞ்சம் தாமதமாயிடுத்து, மாஷி" என்றாள் ஜலஜா.

"வேலை ஒழுங்காப் பாக்கணும்மா" என்று சொல்லிவிட்டு மாஷி அரிசியோடு போனாள்.

இதைச் சொல்லிவிட்டு ஜலஜா என் முன்னால் சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரித்தார். விளம்பரத்துக்கு வார்த்தை அப்போதுதான் கிடைத்தது. 'வாக்கு' என்று போட்டேன். 'எங்கள் தண்ணீருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறோம்.' மேனேஜர் வெட்டிவிட்டு 'அக்கறை' என்று மாற்றினார். அப்படியே அச்சாயிற்று.

9

இனி முடிவு.

சுந்தரேசன் தானே பாலிகஞ்ச் போய் லாஹிரி பாபுவிடம் சொன்னான். அவர் திட்டவில்லை. "கடைக்காரர்களிடம் நீயே நேரில் போய்ச் சொல்" என்றார். அது திட்டுவதைவிடக் கனமாக இருந்தது. மகாளயைக்கு முந்திய வாரம், எல்லா வருஷமும் ராஜா மாதிரி போகிற ஊர்களுக்கெல்லாம், பெட்டி இல்லை என்று சொல்லப் போனான்.

பானை வந்த அந்தப் பகலிலிருந்து அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. கரண்ட் போனால் அவன் விசிறினான், அவள் வாங்கி விசிறினாள். காபி கேட்காமலே வந்தது. அவன் கிளம்பிய காலை இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி, வாழை இலையில் கட்டி, கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் எடுத்துக்கொண்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்று, போனான். மீன் செத்ததை அவள் மன்னித்துவிட்டிருந்தாள். அவசரத்தில் யாரும் செய்வதுதான். 'அவளுக்குத் தெரியும்' என்று சொன்னானே, அதைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மகாளயை அன்று விடியுமுன், வீட்டு ரேடியோவைத் தனியாகப் போட்டாள். தெருவில் எல்லா ஜன்னலிலும் அதே குரல். ஒலிபரப்பு முடிந்து வெளுத்தபோது, புடவையை மாற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, ஹௌராவுக்கு டிராம் ஏறினாள். அவன் பர்த்வானிலிருந்து காலை வண்டியில் வருவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அவனை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனதில்லை. அவனுக்கு அவள் வருவது தெரியாது.

வண்டி வந்தது. கங்கையில் முழுக்குப் போட்டுத் தர்ப்பணம் செய்யக் கிளம்பி வந்த கூட்டம் முதலில் இறங்கியது. கூட்டம் கரைந்த பிறகு அவன் இறங்கினான். முகத்தில் நாலு நாள் தாடி. சட்டை கசங்கியிருந்தது. ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் பர்த்வானின் மிஹிதானா இனிப்புப் பொட்டலம், எண்ணெய் ஊறி ஈரமாக. பெட்டி இல்லை என்று சொல்லப் போனவனுக்கு யாரோ கடைக்காரர் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவனே அவளுக்காக வாங்கியிருக்கலாம்.

அவள் ஒரு தூண் பக்கத்தில் நின்றாள். அவன் இன்னும் அவளைப் பார்க்கவில்லை. பொட்டலத்தை எண்ணெய் படாமல் பிடிப்பதில் மும்முரமாக, குனிந்தபடி வந்துகொண்டிருந்தான்.

முடிவு அ: "மிஹிதானாவா?" என்றாள்.

முடிவு ஆ: "இனிமே என் பேரைச் சொல்றதுக்கு முன்னால என்கிட்ட…"

முடிவு இ: எதுவும் சொல்லாமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

மூன்றும் சரியாக வரவில்லை. முதலாவதில் அவள் மனசில் இருந்தது காணாமல் போகிறது. இரண்டாவது ரொம்ப நாள் ஒத்திகை பார்த்த மாதிரி இருக்கிறது. மூன்றாவது கதைகளில் மட்டும் நடப்பது.

"என்ன சொன்னீர்கள்?" என்று ஜலஜாவிடமே கேட்டேன்.

"அதுவும் விளம்பரத்துக்கு வேணுமா?" என்று எழுந்துவிட்டார். மணி அடித்திருந்தது. வாசல் பக்கம் பார்த்தேன். தலை நரைத்த ஒருவர் குடையோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் ஜலஜா வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினார். ஆகவே ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறார், அது போதுமானதாகவும் இருந்திருக்கிறது. அதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது.

பிளாட்பாரத்தில் சுந்தரேசன் இன்னும் குனிந்தபடிதான் வந்துகொண்டிருக்கிறான். அவன் நிமிர இன்னும் ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. உங்களுக்கும் யாரோடாவது பேச்சு நின்றுபோயிருந்தால், அந்த முதல் வார்த்தை எதுவாக இருக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

அவள் வாயைத் திறக்கிறாள். சொல்லுங்கள்.